இறங்காதே என்று எழுதிய கரை

1

இந்த ஆடி அமாவாசையோடு என் அண்ணன் குருசாமி செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவன் செத்த கரையில்தான் நான் இன்னும் வேலை பார்க்கிறேன். கொழும்புக்குத் தெற்கே கடலை ஒட்டி ஒரு ரெஸ்ட் ஹவுஸ். வெள்ளைக்காரர்களும் பட்டணத்துப் பணக்காரர்களும் காற்று வாங்கவும் குளிக்கவும் வந்து தங்குகிற இடம். அவர்கள் துடைத்துப் போடுகிற துவாலையைத் துவைக்கிறவள் நான். பெயர் பேச்சியம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்புக்குப் போகிற பாதையில் எங்கள் வீடு. நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

அண்ணன் குடித்துவிட்டுக் கடலில் விழுந்தான் என்று ராஜபாளையத்தில் மதினியின் அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார். மதினி எழுதச் சொல்லி ஒரு கடுதாசி வந்தது. "குடிகாரப் பயலுக்கு வருசத் திதி ஒரு கேடா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிட்டாவ" என்று அதில் இருந்தது. மதினி அதை அழுதுகொண்டு சொன்னாளா, அவளும் நம்பித்தான் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தவன் தன் பங்குக்கு ஒரு வார்த்தை கூடப் போட்டிருப்பானோ என்றும் சந்தேகம். இப்போது எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான். யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறேன். சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

அண்ணன் குடிக்கவே மாட்டான் என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தன்று குடிப்பான், தீபாவளிக்குக் குடிப்பான். ஆனால் அன்று குடித்திருக்க மாட்டான். எங்கள் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட வந்தவன் அவன். அமாவாசை என்றால் தண்ணீர் விட்டு முடிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

2

நாங்கள் ரெண்டு பேரும் மலைத் தோட்டத்துக்குத்தான் வந்தோம். கப்பலேறுவதற்கு முன்னால் மண்டபம் முகாமில் எங்களை நிறுத்தி ஊசி போட்டு, துணிமணியெல்லாம் வாங்கி ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்கள். "நம்மளயும் சேத்து அவிச்சிருவாங்க போலயே" என்று அண்ணன் சிரித்தான். மதினியும் அவள் பிள்ளை சின்னவனும் பிறகு வருவதாகப் பேச்சு. மலையில் நான் கொழுந்து கிள்ளினேன். தோட்டத்துத் துரைசானி கடற்கரைக்கு இறங்கியபோது அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூட்டிவந்தாள். பிறகு அவள் சீமைக்குக் கப்பலேறினாள். நான் இங்கே துவாலைக்கு நின்றுவிட்டேன். அண்ணன் மலையிலேயே இருந்தான்.

போன ஆடி அமாவாசை அன்று காலையில் அவன் ரயிலில் வந்து இறங்கியிருக்கிறான். என்னைப் பார்க்காமல் நேரே கடலுக்குப் போயிருக்கிறான். அதில் அதிசயம் இல்லை. தண்ணீர் விட்ட பிறகுதான் சாப்பாடு, சாப்பிடத்தானே தங்கச்சியிடம் வருவான். நான் பின்கட்டில் அடுப்பு மூட்டி சோடா உப்பில் துவாலையை வேகவைத்துக்கொண்டிருந்தேன். கரையில் சத்தம் கேட்டது. எவனோ துரை முங்கிவிட்டான் என்று நினைத்து, கொதிக்கிற தண்ணீரைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். கரைக்காவல் பார்க்கிற ஞானமுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார். இந்த அண்ணாச்சி வத்திராயிருப்புக்காரர், வேதக்காரர், கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிறவர். சின்ன வயசிலேயே இங்கே வந்துவிட்டவர். காலையில் கடலைப் பார்த்து, அலை மோசமாக இருந்தால் சிவப்புக் கொடி ஏற்றுவதும், மீறி இறங்குகிறவர்களைப் பார்த்து விசில் ஊதுவதும்தான் அவர் வேலை.

"கொடி பறந்ததா?" என்றார் அதிகாரி.

"பறந்துச்சு ஐயா."

"பறக்கும்போது ஏன் இறங்கினான்?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரன், "குடிச்சிருப்பான்" என்றான். அது அப்படியே காகிதத்தில் ஏறிவிட்டது. என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. போட்டேன்.

அன்றிலிருந்து அண்ணாச்சி என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ஏதாவது கொண்டுவந்து கொடுப்பார். அதுதான் எனக்கு உறுத்தியது. ஒருநாள் அன்னாசிப் பழத்தோடு வந்து நின்றார்.

"இந்தா தாயி. உப்புப் போட்டுத் தின்னு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஊர்க்காரப் புள்ளன்னுதான்."

"வத்திராயிருப்புக்கும் எங்கூருக்கும் நடுவுல எம்புட்டுத் தூரம் கெடக்கு. எங்கண்ணன் சாகுறதுக்கு முந்தி இந்த ஊர்ப் பாசம் எங்க போயிருந்துச்சு அண்ணாச்சி?"

பழத்தைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைத் தொடவில்லை. காக்கா கொத்திக்கொண்டு போனது. அன்றைக்கு இந்த ஆள் கொடியே ஏற்றவில்லை, செத்த பிறகுதான் ஓடிப்போய் ஏற்றியிருக்கிறார் என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

3

பலகையில் எழுதி வைத்தால் யார் கேட்கிறார்கள் என்பதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். செண்பகத்தோப்பில் காட்டிலாகா, உள்ளே போகாதே என்று ஒரு பலகை நட்டிருந்தது. அதில் உள்ள ஆணியில் தூக்குச்சட்டியை மாட்டிவிட்டுத்தான் நாங்கள் விறகு பொறுக்க உள்ளே போவோம். காக்கி நிக்கர் தெரிந்தால் ஓடுவோம். பலகை என்றைக்கும் யாரையும் விரட்டியதில்லை.

படித்த துரைமார்கள் வேறு மாதிரி இருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. இங்கே கரையில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை இருக்கிறது. கொடி பறந்தால் இறங்காதே, பாறைப் பக்கம் போகாதே, சின்னப் பிள்ளைகளைத் தனியாக விடாதே என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஒரு துரைசானி அதன் மேல் ஈரத் துவாலையைக் காயப்போட்டாள். கொழும்பிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் அதில் சாய்ந்து நின்று போட்டோ பிடித்துக்கொண்டார். இன்னொரு துரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தன் பெண்சாதிக்கு உரக்கப் படித்துக் காட்டினார். படித்து முடித்துத் தொப்பியை அவளிடம் கொடுத்துவிட்டு நேரே தண்ணீரில் இறங்கினார். அண்ணாச்சி விசில் ஊதினால் கையாட்டுவார்கள், ஏதோ அவர் நலம் விசாரித்த மாதிரி. பார்த்தும் பார்க்காத மாதிரி நடிக்கிறார்கள் என்பது என் எண்ணம். விதி எல்லாம் மற்றவர்களுக்கு என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

போன வருஷம் சித்திரையில் ஒரு துரை மூச்சுத் திணறிப் பிழைத்தார். கொடி கண்ணிலேயே படவில்லை என்று சத்தம் போட்டார். மேனேஜர் துரை அந்தக் கோபத்தை அண்ணாச்சியிடம் காட்டினார். எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி செய், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி நல்ல உயரமான மூங்கிலாகப் பார்த்து வாங்கிவந்தார். சுண்ணாம்பும் காவியும் கரைத்து, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று பட்டை அடித்தார். மணலில் சாயாமல் இருக்க அடியில் சுற்றிலும் கல் வைத்து, கல்லுக்கும் வெள்ளை பூசினார். மேலே புதுச் சிவப்புத் துணி. ரயிலில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். மேனேஜர் துரை அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அண்ணாச்சிக்கு ரோஸ் என்று ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிறவள். இங்கே சிங்களப் பிள்ளைகளோடு திரிந்து, அப்பாவை அவர்கள் பாஷையில் "தாத்தா" என்றுதான் கூப்பிடுகிறாள். முதலில் கேட்டபோது பேத்தி என்றே நினைத்துவிட்டேன். அவர் தமிழில் கேட்டால் அவள் சிங்களத்தில் பதில் சொல்வாள். "இது நம்ம பேச்சே இல்ல, பாத்தியா" என்று என்னிடம் ஒருநாள் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. மகளிடமே உண்மையைப் பேச முடியாதவர் அதிகாரியிடமா பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு கடுப்பு எனக்கு.

4

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு மலைத் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி லாரி பிடித்து ஆட்களைக் கூட்டிவருகிறார் என்று தகவல் வந்தது. ஆடியில் இந்தப் பக்கத்துக் கடல் பேய் மாதிரி இருக்கும். மேனேஜர் துரை பயந்துவிட்டார். போன வருஷம் ஒருவன் செத்தான், இந்த வருஷம் லாரியோடு வருகிறார்களே என்று. உடனே தமிழிலும் ஒரு பலகை எழுத ஏற்பாடு செய்தார். "இதனால் சகல ஸ்நானார்த்திகளுக்கும் அறிவிப்பது யாதெனில்" என்று அது ஆரம்பித்தது. படித்துப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுத்துக் கூட்டி 'இறங்கலாகாது' என்ற இடத்துக்கு வருவதற்குள் மேனேஜர் துரையின் சுருட்டு அணைந்துவிட்டது.

அண்ணாச்சி அன்று விசித்திரமாக ஒன்று செய்தார். துரையிடம் போய், கொடிக் கம்பத்தின் சாயத்தைச் சுரண்டிவிட்டுத் தார் பூசட்டுமா, அடியில் உள்ள கல்லையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். துரைக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நல்லா தெரியுது. எதுக்கு மாத்தறான்? மாத்தக் கூடாது."

அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். நான் வழியை மறித்தேன்.

"கம்பத்த எதுக்கு மாத்தணும்னு நிக்கிய?"

"சும்மாதான் தாயி. பழசாப் போச்சு."

"பழசா? போன மாசந்தான காவி அடிச்சிய?"

"நீ ஒன் சோலியப் பாரு தாயி" என்று நடந்துவிட்டார். சரிதான், சாட்சியை அழிக்கப் பார்க்கிறார் என்று தீர்மானித்தேன். கம்பத்தில் என்ன சாட்சி இருக்க முடியும் என்று யோசிக்கவில்லை. சந்தேகம் பிடித்தவளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றுகிறது.

5

அமாவாசையன்று விடிந்ததும் லாரி வந்தது. நான் வேலையைப் போட்டுவிட்டுக் கரைக்குப் போய்விட்டேன். அண்ணாச்சி கொடி ஏற்றுகிறாரா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். ஏற்றியிருந்தார். கடல் செம்மண் தண்ணீர் மாதிரிக் கலங்கிக் கிடந்தது. அலை உடைகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது காதில் விழவில்லை.

சனம் இறங்கியது. முன்னால் வந்த ஒருவர் புதுப் பலகையின் நிழலில் சோற்று மூட்டையை இறக்கி வைத்தார். எழுத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு எல்லோரும் ஒன்றாக நடந்தார்கள். கொடிக் கம்பத்தை நோக்கி.

"ஏட்டி, அங்க பாருட்டி. கொடியேத்தம்ல நடந்திருக்கு!" என்றாள் முன்னால் போன ஒரு அக்கா.

"என்ன சாமிக்கா?"

"என்ன சாமியா இருந்தா ஒனக்கென்ன, செருப்பக் கழட்டு. கடலக் காக்குற சாமியா இருக்கும்."

"கற்பூரத்த எடு" என்றார் அவள் புருஷன்.

"நீங்கதான மடியில வச்சிருந்திய?"

"ஒங்கிட்டதான குடுத்தேன்!"

"குடுத்தாவளாம்! லாரியில ஒக்காந்த எடத்துலயே நழுவ விட்டிருப்பிய" என்று அவள் திட்டிக்கொண்டே முந்தானையை அவிழ்த்தாள். கற்பூரம் அவள் முடிச்சில்தான் இருந்தது. ஆண்கள் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். ஒருத்தி மஞ்சளைக் குழைத்துக் கம்பத்தில் பூசினாள்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? தினமும் பார்க்கிற கம்பம். எனக்கு அது அண்ணாச்சியின் வேலைச் சாமான், அவ்வளவுதான். மலையிலிருந்து முதல்முதலாக வருகிறவனுக்கு அது என்னவாகத் தெரியும்? காவியும் வெள்ளையும் பட்டை போட்டு, அடியில் வெள்ளைக் கல் நட்டு, மேலே சிவப்புத் துணி கட்டினால் நம் ஊரில் அதற்கு என்ன பெயர்?

"எறங்காதீய! கொடி கட்டிருக்குல்லா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"கொடி கட்டிருக்குன்னுதான தாயி வாரோம்!" என்றார் ஒரு பெரியவர் சந்தோஷமாக.

அவர் கையில் தேங்காய் இருந்தது. அடியில் இருந்த வெள்ளைக் கல்லில் ஓங்கி உடைத்தார். அந்த நேரத்தில் அண்ணாச்சி விசிலை வாயிலிருந்து துப்பிவிட்டு ஓடிவந்தார்.

"ஐயோ, இந்த வருசமும் தேங்காயா!"

நான் நின்றுவிட்டேன். அவரும் நின்றுவிட்டார்.

"போன வருசம் யாரு ஒடைச்சா?" என்று கேட்டேன்.

அவர் விலகிப் போகப் பார்த்தார். சட்டையைப் பிடித்தேன். அப்பன் வயசு ஆளை அப்படிப் பிடிக்கக் கூடாதுதான்.

"யாரு ஒடைச்சா அண்ணாச்சி?"

"ஒங்கண்ணன்தான் தாயி" என்றார். "தலத்துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுக் கும்பிட்டான். தேங்கா ஒடைச்சான். நான் அந்தாக்குல நின்னேன். விசில் ஊதினேன். திரும்பிப் பாத்து எனக்கும் ஒரு கும்பிடு போட்டான். பூசாரின்னு நெனச்சுட்டாம் போல. நான் ஓடியாறதுக்குள்ள எறங்கிட்டான்."

"குடிச்சிருந்தானா?"

"சத்தியமா இல்ல. தெளிவா நடந்து போனான்."

"அந்தத் தேங்கா எங்க?"

"வெத்தல, பூ, தேங்கா எல்லாத்தயும் கடல்ல வீசிட்டேன். வேதக்காரன் கல்லு நட்டுச் சாமி வச்சு ஒரு உசுரக் கொன்னுட்டான்னு வேலயும் போயிரும், கோயில்லயும் மொகத்தக் காட்ட முடியாதுன்னு பயந்துட்டேன். அவன் குடிச்சிருப்பான்னு அந்தப் போலீசு சொன்னப்போ, நான் இல்லன்னு சொல்லல தாயி. சொல்லல."

அவரை அடிக்க வேண்டும் என்று கை எழுந்தது. அடிக்கவில்லை. அந்தக் கம்பத்துக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தேன். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. கண்ணீரோடு நிற்கவில்லை. நம் ஊரில் எழவு வீட்டில் அழுகிற மாதிரி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, ராகம் போட்டு அழுதேன். "ஆத்தாளுக்குத் தண்ணி விட வந்த என் அண்ணா, ஒன்னத் தண்ணி கொண்டு போச்சே" என்று நானே சொல்வது எனக்கே கேட்டது.

கற்பூரம் வைத்திருந்த அந்த அக்காதான் முதலில் மூட்டையைக் கீழே போட்டாள். "யாரு தாயி போனது?" என்றாள். அண்ணன் என்றேன். எங்கே என்றாள். இந்த இடத்தில், இதே நாளில் என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டுத் தலையை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஒருத்தியாக வந்து உட்கார்ந்து, பிறகு எல்லோருமே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்காக அழுதார்களா, அவரவர் வீட்டில் போனவர்களுக்காக அழுதார்களா, எனக்குத் தெரியாது. அழுகிறவளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து குளிக்கப் போக நம் பெண்களுக்கு வராது. பெண்கள் உட்கார்ந்த பிறகு ஆண்களும் தண்ணீருக்குப் போக முடியவில்லை.

கங்காணி கற்பூரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "எழவு விழுந்த எடம்ப்பா இது. சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒருத்தனும் எறங்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

"அப்ப தண்ணி எங்க விட?" என்று கேட்டார் தேங்காய் உடைத்த பெரியவர்.

அண்ணாச்சி ரெஸ்ட் ஹவுஸ் வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடினார். அலை வந்து சாகிற ஓரத்தில் நின்று கடல் தண்ணீரை மொண்டு மொண்டு மேட்டுக்குக் கொண்டுவந்தார். வாளிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவரும் எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். கடைசியில் பின்கட்டுக் கிணற்றில் குளித்தார்கள். என் துவைக்கிற கல்லைச் சுற்றி அன்று திருவிழாக் கூட்டம்.

மத்தியானம் மேனேஜர் துரை வந்து பார்த்தார். கடலில் ஒரு தலைகூட இல்லை. புதுப் பலகையைத் தட்டிக் கொடுத்து, "எல்லாரும் படிச்சான். ரொம்ப நல்லது" என்றார்.

6

மறுவாரம் அண்ணாச்சி என்னோடு அதிகாரியின் ஆபீசுக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். முடிந்துபோன விசாரணையைத் திறக்க மனு வேண்டும், மனுவுக்கு ஸ்டாம்பு வேண்டும், மனு இங்கிலீஷில் வேண்டும் என்றார்கள். கொடுத்திருக்கிறோம். அந்தக் காகிதம் எந்த மேஜைக்கு அடியில் கிடக்கிறதோ. எனக்கு நம்பிக்கை இல்லை. துரையிடமும் அவரே போய் எல்லாம் சொன்னார். துரை கத்தினார். ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. கம்பத்துக்கு இப்போது தார் பூசியிருக்கிறது. கொடி கண்ணில் படவில்லை என்று துரைமார்கள் மறுபடியும் சொல்கிறார்கள். அண்ணாச்சி நாள் முழுவதும் விசிலோடு ஓடுகிறார். அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பேசுகிறேன், அவ்வளவுதான்.

மனுவை நம்பாமல்தான் இதை அச்சுக்கு எழுதுகிறேன். ராஜபாளையத்தில் யாராவது இதைப் படித்தால் மதினியின் அப்பாவிடமும் படித்துக் காட்டுங்கள்.

மாமா, போலீஸ்காரன் வாயில் வந்ததைத்தான் ஒரு வருஷமாக நீங்கள் நம்பினீர்கள். எனக்கும் வேறு எதுவும் தெரியாமல் இருந்தது. இப்போது பார்த்த ஆள் வாயிலிருந்தே கேட்டுவிட்டேன். வருஷத் திதிதான் போய்விட்டது. புரட்டாசி அமாவாசை இன்னும் வரவில்லை. போன எல்லோருக்கும் அன்று தண்ணீர் விடலாம், தவறிப்போன திதிக்கும் விடலாம் என்று இங்கே சொல்கிறார்கள். சின்னவனுக்கு விவரம் தெரியாத வயசு. நீங்கள்தான் அவன் கையைப் பிடித்து எள்ளை வைத்துத் தண்ணீர் விடப் பழக்க வேண்டும். உங்கப்பன் எப்படிச் செத்தான் என்று யாராவது அவனைக் கேட்டால், பெற்ற ஆத்தாளுக்குத் தண்ணீர் விடப் பட்டினியோடு போனான் என்று அவன் தலை நிமிர்ந்து சொல்லட்டும்.